முள் வைத்துப் பாட்டுக் கேட்டவர்

அவரிடம் ஏதாவது கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பது மழையில் பஸ்ஸுக்கு நிற்பது போல. வரும்; எப்போது வரும் என்று மட்டும் சொல்ல முடியாது. "மாஸ்டர், சாக்பீஸ் இருக்கா?" என்றால் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார். நாம் சொன்னது முடிந்துவிட்டதா, மிச்சம் ஏதும் வருமா என்று காத்திருப்பார். அதற்கப்புறம்தான் "இருக்கு" என்பார். அந்தப் பள்ளியில் நான் புதிதாகச் சேர்ந்தபோது அவருக்குக் காது மந்தம் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு மாதம் அவரிடம் மட்டும் கத்திப் பேசினேன். கடைசியில் அவராகவே ஒருநாள், "டீச்சர், எனக்கு நல்லாக் கேக்கும். நீங்க தொண்டையக் கெடுத்துக்கிடாதீங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. என் கணவருக்கு ரோடு போடும் வேலையில் மேற்பார்வை. கடல் தாண்டி, போர்ட் பிளேர் பக்கத்துச் சௌல்தாரியிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி, வயலும் பாக்குத் தோப்புமாக இருந்த ஓர் இடத்தில் எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். இராமநாதபுரம் சீமையில் மழைக்கு ஏங்கி வளர்ந்தவள் நான். இங்கே வந்த ஆறு மாதத்தில் மழை என்ற சொல்லே எனக்கு வெறுத்துப்போனது. சேலை காயாது. செருப்பில் பூஞ்சை பிடிக்கும். பள்ளிக்கு நடந்து போவதற்குள் கணுக்காலில் இரண்டு அட்டையாவது ஏறியிருக்கும். தமிழ்ப் பிரிவில் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒன்றுக்கு வாய்ப்பாடும் ஒன்றுக்குப் பாடமுமாகக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், அடுப்பைப் பற்றவைக்கவும் தெம்பு இருக்காது. அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அலுப்புதான்.

அவர் தூத்துக்குடிக்காரர். பள்ளியில் கைத்தொழில் ஆசிரியர். பிரம்பில் கூடை முடையச் சொல்லிக்கொடுப்பார். நிரந்தரம் ஆகாத வேலை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் சங்கீதம் என்று கால அட்டவணையில் போட்டிருந்தது, ஆனால் எடுக்க ஆள் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் அவரைக் கேட்டார். வழக்கம்போல அவர் பதில் சொல்லத் தாமதித்தார். அந்த இடைவெளியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். சங்கீத பீரியட் அவர் தலையில் விழுந்த கதை இதுதான். அவருக்குப் பாட வராது. அதை அவரே சொல்வார்; பிறந்த நாளிலிருந்து ஒரு வரி பாடியதில்லை என்பார்.

அந்தப் பீரியடுக்கு மட்டும் பள்ளியின் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் பெரிய பிள்ளைகள் நாற்பது பேர் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகையில் கூடுவார்கள். வங்காளத்திலிருந்து குடியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள், ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், தெலுங்கு, மலையாளம், நம் பிள்ளைகள். எந்த மொழியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாலும் பாதிப் பேருக்கு அது வெறும் சத்தம். அவர் யோசித்தார். எப்போதோ ஊரைவிட்டுப் போன ஓர் அதிகாரி பள்ளிக்குத் தந்த கிராமபோன் பெட்டி ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதோடு மூன்று இசைத்தட்டுகள். ஒன்றில் ஷெனாய், ஒன்றில் வயலின், மூன்றாவது ஏதோ பட்டாளத்து பாண்டு. அது விரிசல் விட்டுச் சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று தட்டும். மூன்றிலும் பாட்டு வரிகள் கிடையாது. அவருக்கு அது போதும் என்று தோன்றியிருக்கிறது.

முதல் ஆறேழு வாரத்திலேயே ஊசி தீர்ந்தது. அபர்டீன் பஜாரில் தமிழ் பாய் ஒருவர் கடையில் கிராமபோன் ஊசி கிடைக்கும். போய்க் கேட்டதற்கு, "அடுத்த ஜஹாஸ்ல வரும் மாஸ்டர்" என்று சொன்னாராம். கடல் கொந்தளிப்பு, அந்தக் கப்பலும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. வேறொருவராக இருந்தால் பெட்டியை மூடிவைத்துவிட்டுக் கூடை முடையப் போயிருப்பார். இவர் நாரத்தை மரத்து முட்களைப் பறித்து வந்து, வீட்டு அடுப்புக்கு மேலே தட்டில் வைத்து உலர்த்தினார். நன்றாக முற்றிக் காய்ந்த முள்ளை ஊசி செருகும் துளை அளவுக்கு நறுக்கி, நுனியைப் பிளேடால் சாய்வாகச் சீவி, அதை வைத்தே தட்டை ஓடவிட்டார். ஒரு முள் ஒரு பக்கத்துக்குத்தான் தாங்கும். மறுபக்கத்துக்குப் புது முள்.

சத்தம் வந்தது. ஆனால் எவ்வளவு? கொட்டகையின் வாசலில் நின்ற எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. "மாஸ்டர், கொசு பாடுற மாதிரில்ல இருக்கு" என்று கேலி செய்தேன். ஆசிரியர் அறையில் அந்தப் பீரியடுக்கு 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று பெயர் வைத்ததும் நான்தான். தமிழ் தெரியாத மற்ற ஆசிரியர்களுக்கு அதை இந்தியில் விளக்கிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அவரும் கொஞ்சம் பொறுத்துச் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கப்பலில் இரும்பு ஊசி வந்து சேர்ந்தது. அவர் அந்த டப்பாவைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இரும்பு கத்துது டீச்சர். அது கத்துனா பிள்ளைகளும் பேச ஆரம்பிச்சிரும். இது மெதுவாத்தான் பேசும். வேணும்னா நாமதான் கிட்டப் போவணும்."

பிள்ளைகள் கிட்டப் போனார்கள். முதல் வாரங்களில் சுவரோரம் சாய்ந்து ஒருவன் காலை ஒருவன் மிதித்துக்கொண்டிருந்தவர்கள், பிறகு பெட்டியைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்கள். தட்டு முடிந்து முள்ளை எடுத்த பிறகும் உடனே யாரும் பேசக் கூடாது. பத்து மூச்சு விட வேண்டும். அதற்கப்புறம் அவர் "க்யா சுனா?" என்பார். என்ன கேட்டீர்கள் என்று. நன்றாக இருந்ததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யாராவது முந்திக்கொண்டு நன்றாக இருந்தது என்றால் கையை அமர்த்தி உட்காரச் சொல்லிவிடுவார். என்னிடம் ஒருமுறை, "நல்லா இருந்துன்னு சொல்லுதவன் கேக்கவே இல்ல டீச்சர். கேட்டவன் என்ன நடந்துன்னு சொல்லுவான்" என்றார்.

என்ன நடந்தது என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். அப்பாராவ் என்று ஒரு தெலுங்குப் பையன். வாய்ப்பாட்டில் ஆறுக்கு மேல் ஏறாதவன். ஷெனாய்க்காரர் மூன்று தடவை ஒரே இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார், நாலாவது தடவை வாங்காமல் தாண்டிப் போகிறார் என்றான். எல்லோரும் மறுபடி போடச் சொன்னார்கள். புது முள் செருகி மறுபடி போட்டார். ஆமாம், தாண்டித்தான் போனார். நாற்பது பிள்ளைகளும் அந்த இடத்தில் தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

நான் ஏன் அங்கே நின்றேன் என்றால், வீட்டுக்குப் போவதற்குமுன் கொஞ்ச நேரம் யாரும் கத்தாத ஓரிடத்தில் நிற்க வேண்டியிருந்தது. சங்கீத ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் வாசலிலிருந்து ஒரு படி, அப்புறம் இன்னொரு படி என்று உள்ளே நகர்ந்துகொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ராஞ்சிப் பிள்ளைகளில் புத்னி என்று ஒருத்தி. பத்து வயது இருக்கும். பள்ளியில் சேர்ந்த இரண்டு வருஷத்தில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் "க்யா சுனா?" என்றபோது அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தபடியே, "பீச்சே ஏக் ஆத்மி அவுர் ஹை" என்றாள். பின்னால் இன்னும் ஓர் ஆள் இருக்கிறார், அவர் மாறவே மாட்டேன் என்கிறார், ஒன்றையே ஊதிக்கொண்டிருக்கிறார். அதுதான் அவள் சொன்னது. அதே தட்டை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். சுருதி பிடிக்கும் இரண்டாவது ஷெனாய் ஒன்று அதில் இருப்பதை அன்றுவரை நான் கேட்டதில்லை. அவர் பதில் சொல்ல எப்போதையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "ஹாங். ஹை" என்றார். ஆமாம், இருக்கிறார் என்று. அவ்வளவுதான். புத்னி அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பேசினாள்.

இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம், அவருடைய வேலை. மனைவியும் ஒரு மகளும் தூத்துக்குடியில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் அவர்களைக் கூட்டிவர முடியும். ஆறு வருஷமாக இதே நிலை. அந்த மகளை அவர் இரண்டே தடவைதான் பார்த்திருந்தார். ஒருமுறை தொட்டிலில், ஒருமுறை அவள் இவரைப் பார்த்து அழுதுகொண்டே அம்மா பின்னால் ஒளிந்தபோது. மெயின்லேண்டு தபால் வரும் நாளில் அவர் கடிதத்தைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று பீரியட் பாடம் எடுப்பார். "படிச்சுட்டா முடிஞ்சிருமே" என்பார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது அங்கேதான்.

அந்த வருஷம் போர்ட் பிளேரிலிருந்து கல்வி அதிகாரி வந்து பார்த்து, யார் யாரை நிரந்தரம் ஆக்கலாம் என்று எழுதப்போவதாகச் செய்தி வந்தது. சங்கீத பீரியடையும் பார்ப்பார், பிள்ளைகளைப் பாடச் சொல்லுவார், தயாராக இருங்கள் என்று ஹெட்மாஸ்டர் அவரிடம் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் அவர் சற்றுப் பொறுத்து "சரி" என்றார். அந்த வெள்ளிக்கிழமையும் முள்தான் சீவினார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதேதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. மனுஷனுக்குப் பெண்டாட்டி பிள்ளை வேண்டாமா? பிடிவாதத்துக்கும் ஓர் அளவு இல்லையா? சாப்பாட்டு இடைவேளையில் அந்த நாற்பது பேரையும் என் வகுப்பறைக்கு வரச்சொன்னேன். இந்தத் தீவுகளைப் பற்றி ஹெட்மாஸ்டர் தாமே இந்தியில் கட்டிவைத்திருந்த ஒரு நடைப்பாட்டு இருந்தது. எட்டு வரி, தெலுங்குப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியாவிட்டாலும் வாய்க்குள் அடங்கும். மூன்று வாரம், என் சோற்றை ஆறவிட்டு, மேசையைத் தட்டித் தட்டி அதைப் பிள்ளைகள் தலையில் ஏற்றினேன். மாஸ்டரிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். பிள்ளைகளுக்கு அது பெரிய குஷி. அடித் தொண்டையிலிருந்து கத்தினார்கள். அந்த நேரத்தில் அவர் ஊர்க்கோடியில் பிரம்பு ஊறப்போடப் போவார் என்பது எனக்குத் தெரியும்.

அதிகாரி வந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே நல்ல மழை. கடைசிப் பீரியடில் கொட்டகையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் ஹெட்மாஸ்டர், பின்னால் நாங்கள். மாஸ்டர் சாவி கொடுத்தார், முள்ளைச் செருகினார், ஷெனாய்த் தட்டை ஓடவிட்டார். தகரத்தின் மேல் மழை அடிக்கிற சத்தத்தில் அந்த முள்ளின் சத்தம் யாருக்குக் கேட்கும்? தட்டு சுற்றுவது மட்டும் தெரிந்தது. பிள்ளைகள் பெட்டியை நோக்கிக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான். கொஞ்ச நேரம் அவரும் காதைத் தீட்டிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாஸ்டர் முள்ளை எடுத்துவிட்டு, மழை குறையட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று இந்தியில் சொன்னார்.

"பச்சே காதே நஹீ?" என்று அதிகாரி ஹெட்மாஸ்டரிடம் கேட்டார். பிள்ளைகள் பாடமாட்டார்களா என்று.

மாஸ்டர் வழக்கம்போலப் பதில் சொல்லாமல் நின்றார். அது எப்படிப்பட்ட நிற்பு என்று எங்களுக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. ஹெட்மாஸ்டரின் முகம் கறுத்தது. அவர் தொட்டிலில் பார்த்துவிட்டு வந்த அந்தப் பெண் குழந்தை என் கண்முன் வந்தது. நான் எழுந்து, ஏக், தோ, தீன் என்று சொல்லிக் கைதட்டினேன்.

பிள்ளைகள் எழுந்து நின்று பாடினார்கள். மழையைத் தாண்டிக் கேட்டது. எட்டு வரியும் பிசகாமல், கடைசி வரியை மூன்று முறை திருப்பி, காலால் தரையை மிதித்துப் பாடி முடித்தார்கள். அதிகாரி கைதட்டினார், ஹெட்மாஸ்டர் கைதட்டினார், எல்லோரும் கைதட்டினோம். புத்னி மட்டும் எழுந்திருக்கவில்லை. நின்றுபோன பெட்டியின் பக்கத்திலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பின் எல்லாம் வேகமாக நடந்தது. அவருடைய வேலை நிரந்தரமாகி உத்தரவு வந்தது, குவார்ட்டர்ஸும் ஒதுக்கினார்கள். கூடவே இன்னொரு குறிப்பும் வந்தது. இவ்வளவு நன்றாகப் பாடும் பிள்ளைகளைப் பெரிய விழாக்களுக்கு நகரத்துக்கு அனுப்ப வேண்டும், சங்கீத பீரியடை அதற்கான பயிற்சிக்கே வைத்துக்கொள்ள வேண்டும், பயிற்சியைத் தமிழ்ப் பிரிவு டீச்சர் கொடுக்கலாம். கிராமபோன் பெட்டியைப் பழுதாகாமல் இருக்க ஹெட்மாஸ்டர் தம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

உத்தரவு வந்த அன்று பள்ளி விட்ட பிறகு அவர் என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாம் டீச்சர்" என்றார்.

"சொல்லிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அப்ப குவார்ட்டர்ஸ்?"

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மழை விட்டிருந்தது. நான் பலகையை அழித்து முடித்து, புத்தகங்களை அடுக்கி, குடையையும் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

"வந்திருக்காது" என்றார். பிறகு என் கையிலிருந்த புத்தகக் கட்டை வாங்கிக்கொண்டு வீடு வரை தூக்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைகள் என்னிடம் வந்தன. பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தி, மேசையைத் தட்டிக் கத்தவைத்தேன். ஏற்கெனவே போயிருந்த தொண்டை இன்னும் போனது. அவர் அந்த நேரத்தில் பிரம்பு வகுப்பு வைத்துக்கொண்டார். புத்னி சில வாரம் வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் வருவதை நிறுத்தினாள். அப்புறம் மற்ற நாட்களிலும் நிறுத்திவிட்டாள். காட்டு வேலைக்குப் பெற்றோருடன் போய்விட்டதாகச் சொன்னார்கள். அது என்னால்தான் என்று நான் சொல்லமாட்டேன். என்னால் இல்லை என்றும் இத்தனை வருஷத்தில் என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அவர் மனைவியும் மகளும் அடுத்த கப்பலில் வந்து இறங்கினார்கள். மூன்று மாதம் கழித்து எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் கணவருக்கு அன்றும் ரோட்டில் வேலை. நான் மட்டும் போனேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டோம் என்று கண் கலங்கினார். மீன் குழம்பு, அவியல், அப்பளம் என்று இலை நிறைய வைத்தார். மகள் இப்போது எங்கள் பள்ளியில்தான் படித்தாள். அப்பாவைக் கண்டு ஒளிவதெல்லாம் போய், அவர் தோளில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவர் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். அவர் அப்படி நிறைந்த முகத்தோடு இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செய்தது சரிதான் என்று எனக்கே தோன்றியது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் டீச்சருக்குப் பாடிக் காட்டுகிறேன் என்று நடுவீட்டில் வந்து நின்றாள். நான் சொல்லிக்கொடுத்த அதே பாட்டு; பெரிய பிள்ளைகள் பாடக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். காலால் தரையை மிதித்து, முழுத் தொண்டையோடு பாடினாள். இரண்டாவது வரியில் அவர் எழுந்து, அவசரமில்லாமல், பின்பக்கம் போய்விட்டார். தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவும் சத்தம் பாட்டு முடியும்வரை கேட்டது.

அந்த அம்மாள் என் இலையில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்துக்கொண்டே, குறையும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பாட்டுன்னாலே ஆகாது பாத்துக்கிடுங்க. பிள்ள வாயத் தெறந்தா எந்திச்சுப் போயிருதாவ. ஸ்கூல்லயும் இப்படித்தானா டீச்சர்?"

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். எங்கிருந்து தொடங்குவது? சொன்னால், இந்த வீடு எதற்குப் பதிலாக வந்தது என்பதையும் அந்த அம்மாளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். பாடி முடித்த அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க" என்றேன். "அங்கயும் அப்படித்தான்."